மாடித் தூசியிலிருந்து விண்மீன் வைரம் வரை: குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எப்படித் தேடுவது

விண்கல்லுக்குள் வைரம் இருக்கிறது என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, அதை எடுத்து மோதிரத்தில் பதிக்கலாமா என்றுதான். முடியாது. அந்த வைரத்தின் சராசரி குறுக்களவு சுமார் 2.6 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டரைப் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு வைரத்தில் மொத்தமே ஆயிரம், இரண்டாயிரம் கரி அணுக்கள். இவற்றோடு சிலிக்கான் கார்பைடு, கிராஃபைட், ஸ்பினல், கொரண்டம் என்று வேறு துகள்களும் அதே கற்களில் கிடைக்கின்றன. நம் சூரியன் உருவாகி ஏறத்தாழ 460 கோடி ஆண்டு ஆகிறது என்றால், இந்தத் துகள்கள் அதற்கும் முன்பே வேறு விண்மீன்களிலிருந்து வெளியேறி, விண்வெளியில் அலைந்து, கடைசியில் ஒரு கல்லுக்குள் அகப்பட்டுக்கொண்டவை. பூமியில் நம் கைக்கு எட்டும் பொருட்களில் இவற்றைவிடப் பழையது எதுவும் தெரியவில்லை.

சரி, நாகர்கோவிலிலோ குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இதில் நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். ஆனால் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். வீட்டு மாடியில் விழுகிற விண்துகளை, அதாவது விண்வெளியிலிருந்து வந்து விழும் நுண்ணிய கல்துகளை, நீங்களே பிரித்தெடுக்கலாம். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை காற்று மண்டலத்தில் நுழையும்போது உருகி உருண்டையானவை, அந்தச் சூட்டில் சூரியனுக்கு முந்தைய துகள்கள் அநேகமாக அழிந்துவிடும். அதனால் மாடித் தூசியில் விண்மீன் வைரம் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்து வேண்டியதை மிச்சப்படுத்துகிற பழக்கம்தான் இதில் கிடைக்கும். விண்கல்லிலிருந்து வைரத்தைப் பிரித்தவர்கள் செய்ததும் அதே வேலைதான், அவர்கள் அமிலத்தால் செய்தார்கள், நாம் தண்ணீராலும் காந்தத்தாலும் செய்கிறோம்.

முதலில் மாடி

ஓட்டு வீடு இதற்கு ஆகாது. சரிவில் மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். கைப்பிடிச் சுவர் வைத்த, தட்டையான கான்கிரீட் மாடி வேண்டும், பரப்பு பெரிதாக இருந்தால் நல்லது: பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஊர்ப் பொது மண்டபம் போன்றவை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 0.1 மி.மீ. அளவுள்ள விண்துகள் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று விழும் என்பது. இருநூறு சதுர மீட்டர் மாடி, பல வருடம் யாரும் கூட்டாமல் கிடக்கிறது என்றால் அது பொக்கிஷம். பக்கத்தில் கிரில் பட்டறை, லேத், வெல்டிங் கடை இருந்தால் அந்த மாடியை விட்டுவிடுங்கள், கம்பி அறுக்கும்போது பறக்கிற பொறியும் உருண்டையாகத்தான் உறையும். திருவிழாவுக்கு வாணவேடிக்கை விடுகிற மைதானத்தின் ஓரத்துக் கட்டடமும் அப்படியே.

நம் மாவட்டத்தில் மழை இரண்டு முறை வருகிறது, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து மாடித் தூசியைத் தண்ணீர் இறங்குகிற குழாய் வாய்க்குத் தள்ளிக்கொண்டு வரும். கனமான துகள் ஓடிப்போகாமல் குழாய்க்கு முன்னால் இருக்கிற சின்னப் பள்ளத்திலும் மூலையிலும் தங்கிவிடும். தை, மாசியில் அது காய்ந்து கிடக்கும்போது போய் அள்ளுங்கள். மாடிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், சொல்லாமல் ஏறிப் போய் மூலையைச் சுரண்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். ஈர்க்கு வாரியலைவிடப் பெயின்ட் அடிக்கிற பழைய பிரஷ் நல்லது, கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு மாடித் தூசியையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்தக் கட்டடம், எந்தத் தேதி, கடைசியாக எப்போது கூட்டினார்கள் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். பிறகு ஞாபகத்திலிருந்து எழுதலாம் என்று விட்டால் அந்தத் தூசிக்கு மதிப்பே கிடையாது.

கழுவுவதும் அரிப்பதும்

நம் ஊர் ஈரத்துக்கு மாடித் தூசியில் பாதி பாசியும் மக்கின இலையும்தான். ஒரு சருவத்தில் தூசியைப் போட்டு, கொஞ்சம் பாத்திரம் துலக்குகிற திரவம் விட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கனமானது அடியில் இறங்குகிறவரை ஒரு நிமிடம் விட்டு, மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளிகிறவரை திரும்பத் திரும்ப இதுதான். சுளவில் அரிசி கொழிக்கிறவர்களின் கை இதில் சீக்கிரம் பழகிவிடும், லேசானதை ஓரத்துக்கு ஒதுக்கி கனமானதை நடுவில் நிறுத்துகிற அதே ஆட்டம்தான் இங்கே தண்ணீருக்குள் நடக்கிறது.

பிறகு வெயிலில் நன்றாக உலர்த்தி, மாவு அரிக்கிற அரிப்பில் ஒருமுறை அரியுங்கள், அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டதெல்லாம் மேலே நிற்கும், அது வேண்டாம். கீழே விழுந்ததை இன்னும் சன்னமான வலையில் அரிக்க வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்களிடம் கிடைக்கிற நைலான் வலைத்துணித் துண்டு இதற்கு நல்ல தோது. 0.1 மி.மீ. அளவுக்குக் குறைந்த பொடி கீழே போய்விடும், மேலே நிற்பதுதான் நமக்கு. அளவு ஒரே மாதிரி ஆனபிறகு கண்ணுக்கு வேலை பாதியாகக் குறைகிறது, அதனால் அரிக்கிற வேலையில் அவசரப்படாதீர்கள்.

நம் கடற்கரை வைக்கிற சோதனை

நோர்வேயில் கூரைத் தூசியில் விண்துகள் தேடுகிறவர்களுக்கு (அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது) இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. மணவாளக்குறிச்சி, சின்னவிளை, முட்டம் பக்கத்துக் கருமணல். இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு, சிர்கான் நிறமில்லாமல் மின்னும், மோனசைட் தேன் மஞ்சள், கூடவே ரூட்டைல், சில்லிமனைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுகொண்டார், அதைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கிற தொழிலே தொடங்கியது. கடல் காற்று இந்த மணலை மாடிக்கும் கொண்டுவந்து போடும். வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்தால் இல்மனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் ஆயிரம் கறுப்பு மணிகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு உருண்டையைத் தேடிக் கண் வலிக்கும்.

இதற்கு வழி, வலு குறைந்த காந்தத்தில் தொடங்குவது. பழைய ஸ்பீக்கரில் இருக்கிற கறுப்பு ஃபெரைட் காந்தம் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உலர்ந்த தூசியைத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, சற்று மேலாகவே நகர்த்துங்கள். மேக்னடைட் (காந்தத்தில் நன்றாக ஒட்டுகிற இரும்பு ஆக்சைடு) உள்ள துகள்கள் பாய்ந்து ஒட்டும், இல்மனைட் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். விண்துகள் உருண்டைகள் பலவற்றில் உருகும்போது உண்டான மேக்னடைட் படிகங்கள் இருக்கும், அதனால் அவை இந்தக் குழுவோடு வந்துவிடும். பையை வேறு தாளின் மேல் பிடித்துக் காந்தத்தை வெளியே எடுத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். மிச்சம் கிடப்பதை எறிந்துவிடாமல் வலுவான காந்தத்தால் இரண்டாம் முறை பாருங்கள், மேக்னடைட் குறைந்த கண்ணாடி உருண்டைகள் அங்கே இருக்கலாம்.

மணல் ஆலையிலும் இதே தத்துவம்தான்: எடையால் பிரி, காந்தத்தால் பிரி, மின்னூட்டத்தால் பிரி. குமரிக்காரர்களுக்கு இந்த வேலை அந்நியமே இல்லை என்று நான் சொல்வது அதனால்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கடற்கரையிலிருந்து மணலை மூட்டையாக அள்ளி வராதீர்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற கனிமம். லென்ஸைக் கடற்கரைக்கே எடுத்துப்போய் அங்கேயே நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். இல்மனைட் மணி எப்படி மூலை மழுங்கி மின்னும், கார்னெட் ஓரத்தில் வெளிச்சம் எப்படி ஊடுருவும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் மாடித் தூசியில் அவை உங்களை ஏமாற்றாது.

உருண்டையைக் கண்டுபிடிப்பது

காந்தத்தில் வந்ததை வழவழப்பான தாளில் போட்டு, தாளை லேசாகச் சாய்த்து, விரலால் தட்டுங்கள். உருண்டையானவை முதலில் உருண்டு கீழே வரும், சில்லு சில்லானவை நின்றுவிடும். வந்ததை மேலிருந்து வெளிச்சம் விழுகிற நுண்ணோக்கியில் பாருங்கள், கம்ப்யூட்டரில் மாட்டுகிற யூஎஸ்பி நுண்ணோக்கியே தொடங்குவதற்குப் போதும். காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து ஊடுருவி வருவதால் ஒளி புகாத துகளின் மேற்பரப்பு அதில் தெரியாது, வெறும் கறுப்பு நிழல்தான் தெரியும்.

விண்துகளின் மேற்பரப்பு ஒரே பளபளப்பாக இருக்காது. ஆலிவைன் என்ற கனிமத்தின் படிகங்கள் பட்டைபட்டையாக ஓடியிருக்கும், அல்லது மேக்னடைட் கிளைகிளையாகப் பின்னியிருக்கும். சிலவற்றில் ஒரு முனையில் சின்ன உலோக மணி துருத்திக்கொண்டு நிற்கும், அது நிக்கல் கலந்த இரும்பு, வேகம் குறையும்போது முன்னால் தள்ளப்பட்டு அங்கே உறைந்தது. வெல்டிங் பொறியில் வந்தது அதிகமாகப் பளபளக்கும், பல உள்ளே பொள்ளலாக இருக்கும், துருப்பிடித்திருக்கும். இவ்வளவு பார்த்தபிறகும் உங்கள் கண் சொல்வது சந்தேகம் மட்டுமே, முடிவு இல்லை. மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, மக்னீசியம், சிலிக்கான், இரும்பு எல்லாம் விண்கல்லில் இருக்கிற விகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி. நோர்வேயின் ஜாஸ் கலைஞர் ஜான் லார்சன் பல வருடம் இப்படித் தூசியைச் சலித்து, விஞ்ஞானி மேத்யூ கெஞ்சுடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்லோ, பாரீஸ், பெர்லின் போன்ற நகரங்களின் கூரைகளிலிருந்து எடுத்த 300 கிலோ தூசியில் 500 விண்துகள்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதுவரை நகரத்துத் தூசியில் இதைத் தேடுவது வீண் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். கணக்கைப் பாருங்கள், ஒரு கிலோவுக்கு இரண்டுகூட இல்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தால் மிக நன்றாகச் சரிப்படும்.

கிடைத்ததை ஈரமான பல்குத்தும் குச்சி நுனியால் தொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டிய இருபக்க டேப்பில் வைத்து எண் போடுங்கள்.

வைரத்தை எப்படி எடுத்தார்கள்

இனி வருவது வீட்டில் செய்யக்கூடாத பகுதி, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

1964-இல் ரெனாசோ என்ற விண்கல்லைச் சூடாக்கியபோது வெளிவந்த செனான் வாயுவின் ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது) விசித்திரமாக இருந்தது. மிக லேசான ஐசோடோப்புகளும் மிகக் கனமான ஐசோடோப்புகளும் ஒருசேர அதிகம். சூரிய மண்டலத்துக்குள் நடக்கிற எந்த வினையாலும் அதை விளக்குவது கடினமாக இருந்தது. எந்தக் கனிமம் அந்த வாயுவைச் சுமக்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஆண்டர்ஸ் குழு பிடித்த வழி: கல்லின் ஒரு பகுதியை அமிலத்தில் கரை, மிச்சத்தில் அந்தச் செனான் இன்னும் இருக்கிறதா என்று பார். இருந்தால், கரைந்துபோனதில் அது இல்லை என்று அர்த்தம். மறுபடி வேறொன்றைக் கரை, மறுபடி பார். 1975-இல் லூயிஸ், ஸ்ரீனிவாசன், ஆண்டர்ஸ் மூவரும் அலெண்டே விண்கல்லை ஹைட்ரோஃபுளோரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் கரைத்தபோது, நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, அந்த மிச்சத்தில் விசித்திரச் செனான் அநேகமாக முழுதாக இருந்தது. பிறகு கறுப்புக் கரிப்பொருளையும் ஆக்சிஜனேற்றி ஒழித்தார்கள். கடைசியில் எஞ்சியது எது என்று 1987-இல் தெரிந்தது: வைரம். காரக் கரைசலில் போட்டால் கண்ணுக்கே தெரியாமல் கலந்து நிற்கும், அமிலமாக்கினால் திரிந்து கீழே இறங்கும், அதை வைத்தே மற்றவற்றிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டில் சிலிக்கான் கார்பைடும், 1990-இல் கிராஃபைட்டும் அடுத்தடுத்து அகப்பட்டன.

மாடித் தூசியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் லேசானதைத் தண்ணீரில் ஓட்டினோம், இல்மனைட்டை வலுக் குறைந்த காந்தத்தால் ஒதுக்கினோம். அவர்கள் கல்லின் பெரும்பகுதியான சிலிகேட் கனிமங்களை அமிலத்தில் ஓட்டினார்கள், கரியை ஒதுக்கினார்கள். ஆனால் அவர்களிடம் இருந்த ஒன்று நம்மிடம் இல்லை: ஒவ்வொரு படியிலும் சரியான திசையில்தான் போகிறோமா என்று சொல்ல அந்தச் செனான் இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தைத் தொடத் தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, எலும்பின் கால்சியத்தைத் தாக்கி, இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. இதற்கென்றே கட்டிய ஆய்வகம், பயிற்சி, பக்கத்தில் மருந்து இல்லாமல் யாரும் அதைக் கையாள்வதில்லை.

சூரியனுக்கு முந்தையது என்று எப்படித் தெரிந்தது

தோற்றத்தை வைத்து இல்லவே இல்லை. சிரட்டைக் கரியானாலும் பென்சில் முனையானாலும், அதிலுள்ள கரி-12, கரி-13 விகிதம் ஏறக்குறைய 89-க்கு 1, சில விழுக்காடு முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். மர்ச்சிசன் விண்கல்லின் சிலிக்கான் கார்பைடு துகள்களை எடுத்தால் பெரும்பாலானவற்றில் அந்த எண் 40-க்கும் 80-க்கும் நடுவில், சிலவற்றில் பத்துக்கும் கீழே, சிலவற்றில் ஆயிரக்கணக்கில். நம் சூரிய மண்டலத்தில் எந்த வேதிவினையும் விகிதத்தை இவ்வளவு தூரம் புரட்டாது, விண்மீனின் உள்ளே நடக்கிற அணுக்கரு வினை மட்டுமே புரட்டும். அந்தத் துகள்களில் சுமார் 90 விழுக்காடு முதுமையில் ஊதிப் பெருத்து வாயுவை வெளியே தள்ளிய சிவப்பு ராட்சத விண்மீன்களிலிருந்து வந்தவை. ஏறக்குறைய நூற்றில் ஒன்று சூப்பர்நோவாவிலிருந்து வந்தது: அதில் டைட்டானியம்-44 சிதைந்ததன் அடையாளம் இருக்கிறது, அதன் அரை ஆயுள் சுமார் 60 ஆண்டுகள்தான், ஆக விண்மீன் வெடித்துக் கொஞ்ச காலத்துக்குள் அந்தத் துகள் உறைந்தாக வேண்டும். 2020-இல் வெளியான ஆய்வில், மர்ச்சிசனின் துகள்கள் சிலவற்றின் வயது 700 கோடி ஆண்டு வரை போனது.

வைரத்தின் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒர்கேய் போன்ற மிகப் பழமையான விண்கல்லில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் நுண்வைரம் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய முப்பதாயிரம் லட்சம் கோடி வைரங்கள்! ஆனால் பத்து லட்சம் வைரத்தில் ஒன்றில்தான் ஒரு செனான் அணு இருக்கிறது, மொத்தமாக அளந்த கரியின் விகிதமோ சூரிய மண்டலத்தின் விகிதத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. அப்படியானால் ஒரு சிறு பங்கு மட்டும் சூப்பர்நோவாவிலிருந்து வந்து, மிச்சம் நம் சூரிய மண்டலத்திலேயே உண்டாகியிருக்கலாம். ஒவ்வொரு வைரத்தையும் தனியாக அளக்க அதில் அணுக்கள் போதாது. முதலில் அகப்பட்ட துகளே இன்றுவரை மிகக் கடினமான புதிராக இருப்பது எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம்.

கல் விழுந்தால்

இந்தத் துகள்கள் எல்லா விண்கல்லிலும் பிழைத்திருக்காது. தாய்க் கோளுக்குள், அதாவது உடைந்து வந்த சிறுகோளுக்குள், வெந்துபோன கல்லில் அவை அழிந்துவிடும், சூடு படாத பழமையான கல் வேண்டும். 2008 செப்டம்பர் 12-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெரிய கல், ஆனால் எல்எல்6 வகை, நன்றாக வெந்தது. 1940-இல் மத்தியப் பிரதேசத்துச் செமார்கோனாவில் விழுந்ததோ ஒரு கிலோகூட இல்லை, ஆனால் உலகத்திலேயே சூடு மிகக் குறைவாகப் பட்ட விண்கற்களில் ஒன்று, அதில் நுண்வைரமும் சிலிக்கான் கார்பைடும் கிடைத்தன. 2017 ஜூன் 6-இல் ஜெய்ப்பூர் பக்கம் முகுந்தபுராவில் விழுந்தது மர்ச்சிசன் இனத்துக் கரிமக் கல். அடுத்தது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, தோவாளை வயலாகவும் இருக்கலாம்.

அப்படி இடிபோல் சத்தம் கேட்டு, தீக்கோளம் பார்த்து, பிறகு மெல்லிய கறுப்புத் தோல் போர்த்திய ஒரு கல் கிடைத்தால் இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். கழுவாதீர்கள், கரிமக் கல் தண்ணீரில் கெட்டுப்போகும். காந்தத்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், கல் கோடிக்கணக்கான ஆண்டு காத்துவைத்திருக்கிற காந்தப் பதிவு ஒரு நொடியில் அழிந்துவிடும். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு அளவுகோலோ சாவியோ வைத்துப் படம் எடுங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர் மழைக்கு ஒரு நாள் தாமதம்கூட அதிகம், அதனால் சிதறிய துண்டுகளையும் அன்றைக்கே தேடுங்கள். உடைத்து ஆளுக்கொரு துண்டு பங்கு போடுவதும் வேண்டாம். குமிழ்க் குமிழாகத் துளை விழுந்திருந்தால் அது பெரும்பாலும் உலைக் கழிவு, சிவந்து சொரசொரப்பாக இருந்தால் நம் ஊர் செம்புரைக் கல்லாக இருக்கும்.

இந்தியாவில் விழுகிற விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அவர்களுக்குத் தெரியப்படுத்தி, கல்லை ஒப்படைக்கும்போது எழுத்தில் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனித் துகளின் ஐசோடோப்பை அளக்கிற நானோசிம்ஸ் கருவி அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தில் இருக்கிறது, அதனால் கல் வெளிநாடு போகாமலே இந்த ஆய்வு நடக்க முடியும். விழுந்த நேரம், சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.